வீட்டில் ஆள் இல்லை

ஹெல்மெற்றின்ர உள்பஞ்சில
என்ர முகம் கொஞ்சம் ஒட்டிக்கிடக்குது,
வலப்பக்கக் கன்னம்.
நேற்று இரவல் வாங்கின டனுஷன்
மணந்து பாத்துட்டுக் கேட்டான்:
"மச்சான், பெயின்ற் அடிச்ச சுவரில சாஞ்சனியோ?"
ஓமெண்டன்.

கன்சீலர் அக்காவின்ர.
அவ கோதம்பமா, நான் குரக்கன்மா.
ஒரே வயித்தில பிறந்தும்
ஷேட் ரெண்டு.
விடிய ஆறுமணிக்கு, குளியலறையைப் பூட்டிப்போட்டு
பயறளவு எடுத்து
ஒவ்வொரு பருவுக்கும் மேல வைக்கிறன்.
தேய்க்கக் கூடாதாம், தட்டவேணுமாம்.
ஃபோனில ஒரு பெட்டை சொல்லித்தந்தவ.
அவவின்ர முகத்தில ஒரு பருவும் இருக்கேல்லை.

சிவப்பு போகுது.
மேடு அப்பிடியே இருக்குது,
பூசின சுவருக்குள்ள கல்லுத் தெரியிற மாதிரி.
நாடியில ஒண்டு, தொட்டாலே காதுவரை இழுக்கும்.
அதுக்கு மட்டும் ரெண்டு தரம்.

கழுத்தில தொங்கிற அட்டையில
ஸ்டூடியோக்காரன் துடைச்செடுத்த மொழுமொழு முகம்.
கீழ என்ர பேர்: கஜீபன், கள அலுவலர்.
மனேச்சர் முதல் நாளே சொன்னவர்,
"காசு கேக்கப் போறனி. முகம் கிளீனா இருக்கவேணும்.
சனம் முதல்ல முகத்தைத்தான் பாக்கும்."
எட்டு மாசமாப் போச்சு.
என்ர பைக் சத்தத்துக்குச் சாத்தின கதவுகளைத்தான்
நான் பாத்திருக்கிறன்.

காண்டாவனம் துவங்கி நாலாம் நாள்.
ஆவரங்கால் ஒழுங்கையில
உழவு மெசின் ஒண்டு எனக்கு முன்னால போச்சு.
செம்மண் எழும்பி வந்து
முகத்தில குந்திச்சுது.
வேர்வை அதைக் குழைக்கத் துவங்க
நான் தகரப் படலையில தட்டினன்.
மூண்டு தவணை பிந்தின வீடு.
எங்கட கடனில கட்டின கோழிக்கூடு நிக்குது,
உள்ளுக்க விறகு.

நாலைஞ்சு வயசுப் பிள்ளை ஒண்டு வந்து
பாடமாக்கினதை ஒப்புவிச்சுது:
"அம்மா வீட்டில இல்லை. எப்ப வருவா எண்டும் தெரியாது."
அறைச் சீலைக்குக் கீழ
ரெண்டு கால் அசையாமல் நிண்டது.
பெருவிரலில நெயில் பொலிஷ், பாதி உரிஞ்சு.

நான் கோழிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிண்டன்.
பிள்ளை என்னைப் பாத்துக்கொண்டு நிண்டுது.
பிறகு திரும்பி, படலை வரைக்கும் கேக்கத்தக்கதா:
"அம்மா! இந்த அண்ணைக்கு முகம் கழருது!"

சீலை சிரிச்சுது.
முதல் மூக்கால, அடக்கி.
பிறகு ஏலாமல், வாயால.

வெளியில வந்தா. என்னைவிட நாலு வயசுதான் கூட இருக்கும்.
"தம்பி, குறை நினையாதேங்கோ" எண்டா.
சிரிச்சதுக்கோ ஒளிச்சதுக்கோ,
நான் கேக்கேல்லை.
வாளியில தண்ணி அள்ளி வைச்சா, லைஃப்போய்த் துண்டோட.
கழுவினன்.
செம்மண்ணும் அக்காவின்ர நிறமும்
வாழையடிக்கு ஓடிச்சுது.
காத்துப் பட எல்லாம் எரிஞ்சுது,
கூடுதலா நாடி.

அவ பாத்தா. பரிதாபமாயில்லை,
சந்தையில கத்தரிக்காய் பாக்கிற பார்வை.
"எனக்கும் இருந்தது, இதைவிட மோசம்.
பிள்ளை பிறந்தாப் போகுமெண்டு சொன்னவை.
பிள்ளை பிறந்தது.
அவர்தான் போனவர்."

என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை.
புத்தகத்தை எடுத்தன்.
திகதி போட்டன், அவவின்ர கடன் இலக்கம் போட்டன்.
குறிப்பு எண்ட இடத்தில எழுதினன்:
வீட்டில் ஆள் இல்லை.
முன்னால நிண்டு, தலைகீழா இருந்ததை
அவ சொண்டசைச்சு வாசிச்சா.
"வாற மாசம்" எண்டா.
ஓமெண்டன்.
பிள்ளை சோப்பை மணந்துகொண்டிருந்துது.

ஒழுங்கை முகப்பில ஹெல்மெற்றைப் போட
ஈரக் கன்னத்தில
பழைய பஞ்சு கொஞ்ச நிறத்தைத் திருப்பி ஒத்திச்சுது.
கண்ணாடியில பாத்தன்:
ஒரு பக்கம் மட்டும்.

அடுத்த வீடு புத்தூர்.
அவையும் கதவு திறக்கமாட்டினம்.
ஒரு பக்கம் காணும்.