பழைய எண், புதிய எண்

தரமணியில் இரவு ஒன்றரை.
நுண்ணோக்கி அறையின் ஏசி பதினெட்டில் நிற்கிறது.
ஸ்வெட்டருக்குள் நான்.
திரையில் பச்சையாய் ஒளிரும் ஒரு குடல் செல்.

கிருமி எதையும் உடைக்கவில்லை.
வந்து ஒட்டியது.
ஊசி ஒன்றை நீட்டி
தன் நொதியை உள்ளே அனுப்பியது.
நொதிக்குக் கோபம் கிடையாது.
சவ்வின் உட்புறம் ஒரு கொழுப்பு, அதன் தலையில் ஒரு வளையம்,
நான்காம் முனையிலும் ஐந்தாம் முனையிலும் பாஸ்பேட்.
கழற்றும். அடுத்ததைக் கழற்றும்.
அதற்குத் தெரிந்த வேலை அவ்வளவுதான்.

அப்புறம்தான் சவ்வு எழுகிறது,
பெசன்ட் நகர் பஜ்ஜிக் கடையின் தார்ப்பாய்
கடற்காற்றில் படபடத்து எழுவது மாதிரி.
எழுந்து, மடிந்து,
தன் கையாலேயே கிருமியை வாரி
விழுங்கிவிடுகிறது.

அழகு.
சொல்லக் கூடாதுதான்.
இந்தப் பதினோரு நிமிடத்துக்காக
மூன்று வாரம் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

எங்கள் புளியந்தோப்புத் தெருவில்
எல்லாக் கதவிலும் இரண்டு எண்.
எங்களுடையது பழையது முப்பத்தொன்று, புதியது பன்னிரண்டு.
கூரியர் பையன் தெருமுனையில் நின்று போன் செய்வான்,
"அக்கா, எந்த எண்ணுக்கா வரணும்?"
செல்லுக்குள் போன பையின் கதவிலும்
நான்கும் ஐந்தும் அழிந்து
இப்போது மூன்று.
கரைத்துக் கொல்ல வந்த குப்பை வண்டி
எண்ணைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போகிறது.
அதற்குப் போன் கிடையாது.

தட்டின் மூடியில் என் கையெழுத்து:
டைபாய்டு, மாதிரி 41, ஆண், வயது 26.
பெயரை மறைத்துத்தான் அனுப்புவார்கள்.
இந்த முறை படிவத்தில்
பின்கோடை அடிக்க மறந்திருக்கிறார்கள்.
600012.

ஆடியிலிருந்து எங்கள் குழாயில் ஒரு வாடை.
வடிகாலுக்குத் தோண்டியவர்கள்
கீழே எதைக் குத்தினார்களோ.
நான் புகார் எண்ணை வாங்கி
பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன்.
அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஜெரால்டுக்குச் செய்தி அனுப்புகிறேன்:
தண்ணி கொதிக்க வெச்சியா?
இரண்டு நீல டிக்.
இந்த நேரத்தில் ஏன் முழித்திருக்கிறான்?

"கேன் தீர்ந்துடுச்சு. குழாய்லதான் பிடிச்சேன்.
லேசா உடம்பு சுடுது, ஒண்ணுமில்ல.
நீ வேலையப் பாரு."

திரையில் பதினோராவது நிமிடம்.
எழுந்த சவ்வு அடங்கிவிட்டது.
மேலே ஒரு சுருக்கம்கூட இல்லை.
இப்போது வந்து பார்க்கிற யாரும்
நல்ல செல் என்றுதான் சொல்வார்கள்.