ஈரக் கரி

மூன்றாவது வால்வு அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியிருக்கிறது.
கழற்றிய இரண்டும் துலுக்காணத்தின் இருக்கைக்கடியில்
கோணிக்குள் கிடக்கின்றன.
தூக்கிப்போட மனசு வரலையாம்.
ஒவ்வொன்றும் அவர் மாதச் சம்பளத்தைவிட விலை.

மாதவரம் லாரி நிலையம், காலை ஆறே கால்.
உருட்டி வைத்த டயர்மேல் மடிக்கணினி.
கம்பியைச் செருகினேன்.
அதே எண், அதே வரி:
திரும்பி வரும் புகை போதவில்லை.
வலி இருக்கும் இடத்தை வண்டி சொல்லும்,
நோயைச் சொல்லாது.
வயிற்றைத் தொட்டுக் காட்டி அழும் பிள்ளைக்குக்
காதில் சீழ் கட்டியிருக்கலாம்.

முதலாளி போனில்:
"வால்வுதானம்மா, மாத்திட்டு அனுப்பு.
பத்து மணிக்கு காட்டுப்பள்ளி கேட்ல நிக்கணும்."
சரிங்க என்றேன்.
பெட்டியைப் பிரிக்கவில்லை.

இருபது திற என்றேன், திறந்தது.
ஐம்பது. நூறு. மூடு.
சொன்ன சொல் கேட்டது வால்வு.
பிறகு சாவி போட்டு, இன்ஜினைக் கிளப்பாமல் பார்த்தேன்:
மூச்சே விடாத வண்டியில்
காற்று ஓடுவதாகக் கணக்குக் காட்டியது அழுத்த உணரி.
பொய் அங்கேதான்.

சுண்டுவிரல் தடிமன் குழாயைக் கழற்றி
ரீகன் வாய்வைத்து ஊதினான்.
கன்னம் உப்பியதுதான் மிச்சம்.
சைக்கிள் ஆரக்காலை விட்டுக் குடைந்தபோது
கரி வந்தது,
பொடியாக இல்லை, களியாக.

கரி ஈரமாக இருக்கக் கூடாது.
முகர்ந்தேன். கூலன்ட்டின் அந்த அசட்டுத் தித்திப்பு.

"தண்ணி ஊத்துறீங்களா?"
"வாரத்துக்கு ரெண்டு லிட்டர். கீழ ஒரு சொட்டு ஒழுகல.
வெயிலுக்கு வத்துதுன்னு நெனச்சேன்."

புகையைக் குளிர்விக்கும் கூலரை இறக்கவே பகலாகிவிட்டது.
நாலு போல்ட்டில் ஒன்று தலை முறிந்தது,
அதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.
வாய்களை அடைத்து, காற்றேற்றி,
நீல டிரம் தண்ணீரில் அமுக்கினோம்.
ஒரு குமிழி இல்லை.
ரீகன் என் முகத்தைப் பார்த்தான்.
முதலாளியின் போன் ஐந்தாம் முறை அடித்தது.

ஆறின இரும்பு வாயைத் திறக்காது.
டீக்கடை பாய்லரிலிருந்து
மூன்று குடம் வெந்நீர் வாங்கிவரச் சொன்னேன்.
மாஸ்டர் திட்டினாராம், கொடுத்தாராம்.
ஊற்றி, காத்திருந்து,
ஆவி விலகியபோது
நூல் பிடித்த மாதிரி
ஒற்றை வரிசையில் ஏறி வந்தன குமிழிகள்.

"கேட்டுக்கு முன்னாடி எவ்ளோ நேரம் நிப்பீங்க?"
"பதினோரு மணி நேரம். ஒரு தடவை பத்தொன்பது."
"இன்ஜின்?"
"அணைச்சா எப்படி? நாலு அடி நகர்றப்போ நகரலன்னா
பூந்துருவான். அப்புறம் கொசு, புழுக்கம்."
இருமினார், துண்டால் வாயைத் துடைத்தார்.
துண்டை நான் பார்த்தேன்.

சும்மா உறுமி நிற்கும் வண்டியின் புகை
சூடு போதாமல் போகிற வழியெல்லாம் படிகிறது.
வரிசை திறந்ததும் முப்பது டன்னோடு ஒரே மிதி.
குளிர்ந்ததும் கொதித்ததும் மாறி மாறி
எங்கோ ஒரு பற்றவைப்பு விட்டுக்கொடுக்கிறது.
வேலை அட்டையில் 'காரணம்' என்ற கட்டத்தில்
எண்ணூர்ச் சாலையை எப்படி எழுத?
'கூலர் விரிசல், உணரிக் குழாய் அடைப்பு' என்று எழுதினேன்.

ஏதோ தோன்றி,
அந்தக் கோணியைக் கேட்டேன்.
இரண்டு வால்வையும் மண்ணெண்ணெயில் கழுவி
ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தேன்.
இருபது. ஐம்பது. நூறு. மூடு.
இரண்டும் நல்லவை.

துலுக்காணம் சிரிப்பார் என்று நினைத்தேன்.
"ரெண்டாவது வாங்கினப்போ
பாதிய என் சம்பளத்துல புடிச்சாங்கம்மா,
வண்டிய நான்தான் கெடுத்தேன்னு" என்றார்,
மெதுவாக, வால்வைப் பார்த்துக்கொண்டே.

போன் ஆறாம் முறை அடித்தது.
இந்த முறை நான் எடுத்தேன்,
கரிக் கையோடு,
ஸ்பீக்கரில் போட்டு
அவர் பக்கத்தில் வைத்தேன்.