கடன் கொப்பி

பெட்டியில் இருக்கிற படத்தை
வாங்குகிறவன் காண்பதில்லை.
மல்லாவிச் சந்தியில் எல்லாரும்
ஒன்று, இரண்டு என்றுதான் கேட்பார்கள்.
பெட்டி என்னோடு நின்றுவிடும்,
அந்த அழுகிய வாயும்.
சீனிப் போத்தலுக்கும் நெருப்புப்பெட்டிக்கும் நடுவில்
விடிந்ததிலிருந்து என்னையே பார்த்தபடி.
முதல் கிழமை சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.
பிறகு பழகிவிட்டது.

நேற்று குலநாயகத்தின் மனுசி வந்தா.
அரிசி கேட்கவில்லை, பருப்புக் கேட்கவில்லை.
"அக்கா, உங்கட கடன் கொப்பியை
ஒருக்காப் பாக்கலாமோ?"
காசுக் கதை என்று நினைத்து
ஆறுதலாய்த் தரலாம் பிள்ளை என்றேன்.
அதற்கில்லையாம்.

தெல்லிப்பளையில் டொக்டர் கேட்டிருக்கிறார்
எத்தனை வருசம், நாளைக்கு எத்தனை என்று.
மனுசன் இரண்டு விரலைக் காட்டினாராம்.
வாயைத் திறக்கச் சொன்னால்
அதற்குள்ளும் இரண்டு விரல்தான் போகுதாம்.
"அவர் பொய் சொல்லுவார்.
கொப்பி சொல்லாதுதானே."

சோடாப் பெட்டியைக் கவிழ்த்து இருந்து
தாள் தாளாய்ப் புரட்டினோம்.
பெரும்போக விதைப்பு: நாளைக்கு நாலு.
வெட்டு மெசின் வந்த கிழமை
ஒன்பது, பொயிலையோடு வெத்திலைச்சரை மூன்று.
வவுனிக்குளம் வான் பாய்ந்த அன்று
பக்கம் நனைந்து மை ஊறியிருந்தது,
ஏழோ ஒன்றோ தெரியவில்லை.
மழை பொய்த்த வருசம்
அரிசி பாதியாகியிருந்தது,
பால்மா நின்றிருந்தது,
அது மட்டும் அப்படியே.
மகளின் சாமத்தியச் சடங்குக்கு ஒரு முழுப்பெட்டி.
அன்றைக்குத்தான் படத்தைப் பார்த்தார்.
"ஆற்ற வாய் அக்கா இது" என்று சிரித்தார்,
நானும் சிரித்தேன்.

அவசரத்தில் சில இடங்களில்
'சி' என்று மட்டும் எழுதியிருந்தேன்.
"இது சீனியோ அக்கா?"
ஓம் என்றிருக்கலாம்.
பாவம், அவவுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.
இல்லை என்றேன்.

பஸ் ரிக்கற்றின் பின்பக்கம்
கூட்டி எழுதிக்கொண்டு போனா.
பதினொரு வருசம்.
எல்லாம் என் கையெழுத்து,
ஏழுக்குக் குறுக்குக் கோடு போடும் என் பழக்கத்தோடு.

இன்று காலை ஒரு பெடியன்
ரக்ரரை நிற்பாட்டாமல் இறங்கி
"அன்ரி, ஒண்டு" என்றான்.
பெட்டியோடு எடுத்து வைத்தேன்,
படம் அவன் பக்கம்.
பார்த்தான்.
இன்னும் கொஞ்சம் பார்த்தான்.
"மிச்சக் காசுக்கு ரொபி தாங்கோ."

கொடுத்தேன்.
கைக்காசு.
கொப்பியில் எழுதத் தேவையில்லை.