ஒன்றேகால் அழைப்பு

மணி மூன்று நாற்பது. கயானி. மைனஸ் பதினாறு.
கண்ணாடிக்கு அப்பால் ஏரி இறுகும் சத்தம்,
நீளமான கம்பியை யாரோ சுண்டுவதுபோல்.
அவசர அழைப்பு மையத்தில்
இரண்டு பேர் விழித்திருக்கிறோம்:
தொலைபேசியோடு தைஸ்தோ,
வரைபடத்தோடு நான்.

எங்கள் எண்ணிக்கு ஏறத்தான் தெரியும்.
ஓர் அழைப்பு வந்தால் ஒன்று கூட்டும்.
யார், எதற்கு, அழுதார்களா என்று கேட்காது.
பதினைந்து விநாடிக்கு ஒருமுறை
நான் போய் எட்டிப் பார்க்கிறேன்
(நான் என்றால், நான் எழுதிய நிரல்).
ஓர் எண்ணோடு திரும்புகிறேன்.
4811. 4811. 4811. 4812. 4812.

ஒற்றை எண்ணுக்கு வேகம் கிடையாது.
படிக்கட்டில் நிற்பவன் ஏறுகிறானா இறங்குகிறானா,
ஒரு புகைப்படம் சொல்லுமா?
இரண்டு வேண்டும். பிந்தியதிலிருந்து முந்தியதைக் கழி,
இடைப்பட்ட நேரத்தால் வகு.
ஐந்தாம் வகுப்புக் கணக்கு.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
அதில்தான் எனக்குத் தூக்கம் போயிற்று.

போன வாரம் ஒர்வொக்கி, என் மேலதிகாரி,
திரையைத் தட்டிக் கேட்டார்:
"எழுபத்தைந்து விநாடியில் ஒன்றேகால் அழைப்பா?
ஒன்று புரிகிறது, ஸைலா. அந்தக் கால் யாருடையது?"

சன்னலின் அகலம் எழுபத்தைந்து, என்றேன்.
உள்ளே விழுந்தவை ஐந்து புள்ளிகள்.
முதலுக்கும் கடைசிக்கும் நடுவே அறுபதுதான்.
மிஞ்சிய ஓரங்களிலும்
இதே வேகத்தில் வந்திருக்கும் என்று
கணக்கு தன்னை நீட்டிக்கொள்கிறது.
அறியாத பதினைந்துக்கு
அறிந்த அறுபது கொடுத்த கடன், அந்தக் கால்.

காப்பியைக் கலக்கியபடி,
"கால் மனிதர் பனியில் விழுந்தால்
ஆம்புலன்ஸ் அனுப்புவதா வேண்டாமா?" என்றார்.
முகத்தில் அசைவில்லை.
இங்கே சிரிப்பது அப்படித்தான்.

சன்னலைக் குறுக்கினால் கோடு
வெந்நீர் பட்ட பூனையாய்த் துள்ளுகிறது.
அகட்டினாலோ
ஒரு பேருந்தே கவிழ்ந்தாலும் மெல்லிய மேடு,
குழந்தைகள் சறுக்கி விளையாடலாம்.

இன்றிரவு 3:41:00. எண்ணி 4812.
3:41:15. எண்ணி 0.

ஏற மட்டுமே தெரிந்தது இறங்கினால்
செத்து மறுபடி பிறந்திருக்கிறது என்று பொருள்.
நிரலுக்குத் தெரியும், சொல்லிக்கொடுத்தவள் நான்:
விழுந்ததைக் குறைவென்று கொள்ளாதே,
பூச்சியத்திலிருந்து புதிதாய்க் கூட்டு.
கூட்டியது. பூச்சியம்.
கோடு படுத்தே கிடந்தது.

ஆனால் நான் மணிச் சத்தம் கேட்டேனே.
முழுதாய் ஒருமுறைகூட அடிக்கவில்லை,
தைஸ்தோ எடுத்துவிட்டான்.
தாளின் ஓரத்தில் பென்சிலால்:
3:41:06. பனிவண்டி. மனமன்சாலோ பக்கம். தண்ணீரில் இருவர்.

எண்ணி அதை 4813 என்று எண்ணியிருக்கும்.
3:41:11க்கு இயந்திரம் தன்னைத்தானே
அணைத்து ஏற்றிக்கொண்டது.
ஐந்து விநாடி உலகில் இருந்தது 4813.
பார்த்தவர் எவருமில்லை.

தைஸ்தோ இன்னும் பேசுகிறான்.
"கைகளைப் பனிமேல் விரி. காலை உதை.
உதைத்துக்கொண்டே இரு."
அவன் எடுப்பதும் மாதிரிதான்:
பத்து விநாடிக்கு ஒருமுறை "இருக்கிறாயா?" என்கிறான்.
ஒரு "ம்"முக்கும் அடுத்த "ம்"முக்கும் நடுவே
அவனும் நீட்டித்தான் நம்புகிறான்.
பிறகு பத்து, இருபதாகிறது.
பென்சிலை அவன் கீழே வைக்கவில்லை.

ஆறரைக்கு ஒர்வொக்கி வந்தார், புருவத்தில் உறைபனி.
வரைபடத்தைப் பார்த்து, "அமைதியான இரவு," என்றார்.

அறிக்கையில் 3:41க்கு நேரே ஒரு கட்டம்.
எண்ணைத் தவிர எதையும் ஏற்காது.
பூச்சியம் போடக் கை வரவில்லை.
ஒன்று போட என்னிடம் புள்ளி இல்லை.
ஒன்றேகால் என்று போட்டேன்.

ஒருவர் நடந்தே கரைக்கு வந்துவிட்டார்.
மற்றவரைப் பற்றி
அடுத்த முறை கூப்பிடும்போது சொல்வதாகச்
சொல்லியிருக்கிறது ஆஸ்பத்திரி.