குளிரில் வைக்கவும்

முட்டம் கலங்கரை விளக்கத்துக்குப் பின்புறம்
ஒரு காலத்தில் ஐஸ் கம்பெனியாம்.
இப்போது இஞ்சி பீர்.
தலைக்கு நூற்றைம்பது ரூபாய், சுற்றிக் காட்டுவார்கள்,
கடைசியில் ருசி பார்க்கலாம்,
முடிக்கு வலைத்தொப்பி கட்டாயம்.

பலகையில் 'பீர்' என்ற சொல்லை
முதலில் பார்த்தது அவர்தான்.
அவர் பார்த்ததை நான் பார்த்தேன்.
நூற்று நாற்பத்திமூன்றாம் நாள்.

அழைத்துப்போனவள் பெயர் ஜெனிஷா.
"பயப்படாண்டாம், பேருதான் பீர். பிள்ளையளும் குடிக்கும்."
இஞ்சி அரைபடும் தொட்டி, சீனி கரையும் அண்டா.
பீப்பாயில் காதை வைத்து
நுரைக்கிற சத்தம் கேட்கச் சொன்னாள்.
சேலத்துக் கும்பலில் ஒருவன்
"ஏறுமா மேடம்?" என்றான்.
எல்லோரும் சிரித்தோம். அவரும்,
அரை நொடி பிந்தி.

"ஈஸ்ட்டு தின்னுக்கிட்டே இருக்கும், கேட்டியளா.
விட்டா வேற சாதனமா மாறிப்போவும்.
மூணாம் நாளு தூக்கிக் குளிர்ல வச்சிருவோம்.
சாவாது. உறங்கும்."

"எப்ப நிறுத்தணும்னு எப்படித் தெரியும்?"
இந்தப் பயணத்தில்
அவர் கேட்ட முதல் கேள்வி.

ஜெனிஷா கூரையைக் காட்டினாள்.
போன சித்திரையில் ஒரு பாட்டில் வெடித்த
மஞ்சள் கறை.
"அதுக்கப்புறம் தெரிஞ்சுது."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம்.
எங்கள் சாப்பாட்டறைச் சுவரிலும் ஒன்று உண்டு.
அது ரசம்.
இரண்டு கோட் பெயின்ட்டுக்கும் அடங்காமல்
மழைக்காலத்தில் மேலே வரும்.
அவர் என்னைப் பார்க்கவில்லை.
நானும் கழுத்து வலிக்கும்வரை
தலையை இறக்கவில்லை.

ருசி மேசை. சின்னக் கண்ணாடி டம்ளர்.
பொன்னிறம், மேலே விரற்கடை நுரை.
அந்த நிறம்தான் என்னவோ செய்தது.
கை நடுங்கியது; என் கை.
அவர் முகர்ந்தார். ஒரு மிடறு.
தும்மினார்.
"யப்பா, என்னா காரம்!"
மூக்கில் நுரையோடு நின்றவருக்கு
ஜெனிஷா டிஷ்யூ நீட்டினாள்.

இரண்டு பாட்டில் வாங்கினார்.
லேபிளில் சிவப்பு எழுத்து:
குளிரில் வைக்கவும். ஏழு நாளுக்குள் குடிக்கவும்.

அறையில்
குட்டி ஃபிரிட்ஜ் இருந்த இடத்தில்
தரையில் நான்கு கால்தடம்,
சும்மா கிடக்கும் ஒரு பிளக் பாயின்ட்.
பாட்டில்களோடு அதன்முன் நின்றார்.

வருவதற்கு முந்தின நாளே
போன் போட்டு எடுக்கச் சொன்னது நான்.
உள்ளே என்ன அடுக்கியிருப்பார்களோ என்று.

ரிசப்ஷனைக் கூப்பிட்டேன்.
"நூற்றியெட்டாம் ரூம். அந்த ஃபிரிட்ஜ்..."
"திருப்பி வைக்கணுமா மேடம்?"

அவர் பால்கனிக் கதவைத் திறந்தார்.
கடல் சத்தம் மொத்தமும் உள்ளே வந்தது.
ஆமா என்பதை
இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.