நாலேகால் மணி

வில்லாஃப்ராங்காவில் ஜூன் கடைசி.
இரவு பதினொன்றுக்கும் சுவர் சுடுகிறது.
பழைய கோட்டையின் உச்சியில்
நாரைக் குஞ்சுகள் அலகைத் தட்டுகின்றன,
பசியா கனவா தெரியவில்லை.

திரையில் புள்ளிகள்.
ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.
ஒவ்வொன்றும் ஓர் எக்ஸ் கதிர்த் துகள்,
வந்த நேரம் எழுதிக் கொடுத்துவிட்டு
செத்துப்போகிறது.

ஒரு கரண்டி அள்ளினால் ஒரு மலையின் கனம் என்று
பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வோம்,
வாய் பிளப்பார்கள்.
எனக்கு அந்தக் கனத்தில் ஆர்வமில்லை.
கண் இமைப்பதற்குள் பத்து முறை சுழல வேண்டியது
ஏன் இப்படி
சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்க மனமில்லாதவன் போல்
திரும்புகிறது?

பக்கத்து நட்சத்திரம் ஊதும் காற்று
அதன் காந்தத்தில் சிக்கிச் சிக்கி
இழுத்துப் பிடித்திருக்கலாம் என்கிறாள் நெகானே.
‘லாம்’ என்பதை மட்டும் அழுத்திச் சொல்வாள்.
காரணம் இருக்கிறது.

போன வருடம் அவள் ஒரு துடிப்பைக் கண்டுபிடித்தாள்.
தொண்ணூற்றைந்து நிமிடம், அச்சுப் பிசகாமல்.
கட்டுரை பாதி எழுதி, பாதாம் கேக் வாங்கி வந்து,
வெட்டப் போகும்போது
கத்தி அப்படியே நின்றது.
தொண்ணூற்றைந்து நிமிடம்தான்
அந்தச் செயற்கைக்கோள் பூமியை ஒருமுறை சுற்றும் நேரம்.
ஒவ்வொரு சுற்றிலும் நாமே குறுக்கே வந்து
மறைத்துவிட்டு விலகியிருக்கிறோம்.
விண்மீனின் கை என்று பிடித்தது
நம் மணிக்கட்டை.

கேக்கை எல்லோரும் சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது.

அதனால்தான் இப்போது இந்தத் தொலைநோக்கி.
நிலவுக்குப் போகும் வழியில் மூன்றில் ஒரு பங்கு தூரம் ஏறி
அங்கிருந்து முப்பத்தாறு மணி நேரம்
கண்ணெடுக்காமல் பார்க்கும்.
பூமி குறுக்கே வராது.
சூரியன் வரும்.
ஏழு மணி நேரம் புரோட்டான் தூறல், திரை முழுக்க வெள்ளை.
எட்டு மேடுகள் வர வேண்டியதில்
இரண்டு அதில் மூழ்கிப்போயின.

காவலாளி எவாரிஸ்தோ வேலியோரம் ஒரு சுற்று முடித்து வந்து
கண்ணாடி வழியே கட்டைவிரல் உயர்த்திக் கேட்டார்.
நெகானே உள்ளங்கையைச் சாய்த்து ஆட்டினாள்.

ஆறு மேடுகள்.
நாலேகால் மணிக்கு ஒரு சுற்று,
மூன்று நிமிடம் கூடலாம், குறையலாம்.
அறிவிக்கப் போதாது,
மறக்கவும் போதாது.
இன்னொரு தடவை கேட்டால்
அடுத்த கோடையில் பார்க்கலாம் என்பார்கள்.
அதற்குள் அது இரண்டாயிரம் முறை திரும்பியிருக்கும்
எண்ண ஆளில்லாமல்.

நெகானே கைபேசியில்
நாலேகால் மணிக்கொரு தரம் மணி வைத்திருக்கிறாள்.
பேருந்தில் அடிக்கிறது. பல் மருத்துவர் நாற்காலியில் அடிக்கிறது.
அக்காவின் மகனுக்கு ஞானஸ்நானம்,
பாதிரியார் தண்ணீர் அள்ளும் வேளையில் அடித்தது.
மருந்து நேரமா என்று கேட்டால்
ஆமாம் என்று சொல்லிவிடுகிறாள்.

மூன்று நிமிடப் பிழை சேர்ந்து சேர்ந்து
ஒரே வாரத்தில்
அந்த மணிக்கும் அந்த விண்மீனுக்கும்
சம்பந்தமில்லாமல் போயிருக்கும்.
அவளுக்குத் தெரியாதா என்ன.
எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டியதே அவள்தான்.

நேற்று உணவகத்தில்
சூப் ஆறிக்கொண்டிருந்தது, மணி அடித்தது.
கரண்டியைக் கீழே வைத்தாள்.
நானும் வைத்தேன்.