மூன்றாம் நாள், டயர்க்கடைக்கு எதிரே

பேர்ண் நகரின் தொழிற்பேட்டையில்
டயர்க்கடைக்கும் இறைச்சிக் கிடங்குக்கும் நடுவில்
அம்மன் குடியிருக்கிறாள்.
வாடகை ஒப்பந்தம் அவள் பெயரில் இல்லை.

நான் வெளியே, வாகனத் தரிப்பிடத்தில்.
இன்று மூன்றாம் நாள்.
யாரும் கேட்கப்போவதில்லை, யாருக்கும் தெரியாது.
அம்மாவுக்குத் தெரியும்.
"துடக்கோட நீ வராதை பிள்ளை,
பெடியனை மட்டும் உள்ளுக்கு விடு, சனம் பார்க்கட்டும்."

யூர்க் போனான்.
பதினாறு வயதில்
இரண்டு வரிக் கடிதம் எழுதி
தேவாலய வரியிலிருந்து விலகிக்கொண்டவன்.
சட்டையைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினான்.
வெளுத்த முதுகோடு,
என் தம்பியின் வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி
இருபத்தாறு வருடத்தில் நான் ஒருமுறையும் நின்றிராத
முன்வரிசையில் போய் நின்றான்.
கண்ணாடிக் கதவினூடே பார்த்தேன்.
முதலில் சிரிப்புத்தான் வந்தது.

என் ஆய்வேடு இதுதான்:
நாற்பத்தொரு படங்கள், ஒரு நிறுத்தற்கடிகாரம்.
சட்டகத்துக்குள் ஒருத்தி
எவர் கண்ணும் படாமல்
நகம் வெட்டுகிற, பேருந்தைத் தவறவிடுகிற,
சும்மா இருக்கிற நொடிகளை எண்ணுவது.
எட்டு மாதம் எண்ணினேன்.
மொத்தம் பத்தொன்பது நிமிடம்.
அதில் ஆறு நிமிடம் அவள் பிணம்.

பேராசிரியர் ஸ்டாம்ப்ஃப்லி
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்:
"கமரா பார்க்கிறதே, அது கணக்கில் இல்லையா?"

உள்ளே திரையை இழுக்கிறார்கள்.
அவளுக்குப் பட்டு மாற்றும் நேரம்.
தவில்காரர் விரல்கூடுகளைச் சரிபார்க்கிறார்.
இருநூறு பேர்
ஒரு சிவப்புத் துணியைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள்.
உடுத்தி முடியும்வரை பார்க்காதே என்று
என் நாற்பத்தொரு இயக்குநர்களில்
ஒருவர்கூடச் சொன்னதில்லை.
உடுத்துகிறவர் ஆண்.
அதையும் அடிக்குறிப்பில் போடவேண்டும்.

மறைக்கிற துணிக்கும் படம் விழுகிற துணிக்கும்
நமக்கு ஒரே சொல், திரை.
அலையும் அதுதான், கன்னச் சுருக்கமும் அதுதான்.
இதை ஜெர்மனில் விளக்க
ஒரு மாலைப்பொழுது முழுக்கப் பிடித்தது.
அன்றுதான் யூர்க் என்னை முதலில் முத்தமிட்டான்,
அல்லது நான் அவனை.
அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

வெளியே வந்தான்.
கோணல் திருநீறு,
கடதாசித் தட்டில் சுண்டல்.
"அவள் என்னைப் பார்த்தாள்" என்றான்.
பகிடி இல்லை குரலில்.
சுள்ளென்று கோபம்.
நான் கொடுத்த புத்தகங்களையெல்லாம்
அடிக்கோடிட்டுப் படிக்கிற நல்ல பிள்ளை,
எனக்கு வரவேண்டிய பார்வையை
வரிசையில் நின்று வாங்கிவந்துவிட்டான்.

"உனக்குத்தான் இதில் நம்பிக்கை இல்லையே,
ஏன் உள்ளே வரவில்லை?"
நம்பவில்லைதான்.
நம்பாததற்கும் கால் கட்டுப்படுகிறது, யூர்க்.
டயர்க்கடைச் சுவரைப் பார்த்துச் சொன்னேன்.
குளிர்கால டயர் நான்குக்கு ஒன்று இலவசமாம்.

இரவு, ஆரே ஆற்றங்கரையில்
எழுபது இருக்கைத் திரையரங்கு.
சீட்டுக் கிழித்தவள் எத்தனையாம் நாள் என்று கேட்கவில்லை.
யூர்க்கின் தலைமுடியில் கற்பூர மணம்.
கறுப்பு வெள்ளையில் ஒருத்தி
படிக்கட்டில் குந்தியிருந்து சப்பாத்து நாடா கட்டுகிறாள்,
மிக மெதுவாக, பக்கத்தில் ஒருவருமில்லை.
பிறகு தலையை நிமிர்த்தி
நேராக இங்கே பார்க்கிறாள்.

மேலங்கிப் பையிலிருந்து
பாதிச் சுண்டலை யூர்க் நீட்டினான்.
துடக்கோடு தின்றேன்.
உப்பு கொஞ்சம் தூக்கல்.
கடிகாரத்தை எடுக்க மறந்துபோனேன்.